சபுராளிப் பெட்டியில் வந்த விளையாட்டு

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு சபுராளி ஊர் திரும்பினால், அவர் கொண்டு வந்த பெட்டியைப் பிரிக்கும் நாள் அந்த வீட்டாருக்கு இன்னொரு பெருநாள். கீழக்கரையானாலும் காயல்பட்டினமானாலும், அதிராம்பட்டினமானாலும் கூத்தாநல்லூரானாலும் இதில் வேற்றுமை இல்லை. அத்தர் குப்பி, கோடாலித் தைலம், டாங் பொடி, நிடோ பால் மாவு, தொழுகை விரிப்பு, உம்மாவுக்குச் சேலை, மாமிக்கு வாசனைச் சோப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்து கொண்டது. வண்ணப்படம் அச்சிட்ட அட்டைப் பெட்டி. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் கருவி. கம்பியின் முனையில் கைக்கு அடக்கமான இரண்டு விசைப் பலகைகள். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு 'கேசட்'. பிள்ளைகள் அதற்கு 'டி.வி. கேம்' என்று பெயர் வைத்தார்கள்.

அன்று அதைக் கையில் பிடித்த பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்து விட்டார்கள். பெருநாள் விடுமுறையில் ஒன்று கூடும்போது அவர்களின் பேச்சு எப்படியோ அந்தக் கருவியில் வந்து நிற்கிறது. ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் இத்தனை பக்கம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக் கூடும். நம் வீடுகளின் ஒரு தலைமுறை வரலாறு, அதாவது தந்தை கடல் கடந்து உழைத்த, பிள்ளைகள் கடிதத்திற்காகக் காத்திருந்த வரலாறு, அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. ஆகவே எழுதலாம் என்றே கருதுகிறேன்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் முதல் வீட்டுக் கருவி 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி வந்த ரால்ஃப் பேயர் என்பவரின் ஆய்வில் பிறந்த அக்கருவிக்கு ஒடிசி என்று பெயர். 1977-ல் அட்டாரி வந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையில் வந்த ஒருவரை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர்தாம் அவர். அவர் தலைமையில் 1976-ல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட கருவியில்தான், ஆட்டத்தைத் தனிக் கேசட்டாகச் செருகி மாற்றிக் கொள்ளும் முறை முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அக்கருவியில் இன்னொரு பொத்தானும் இருந்தது. ஆட்டத்தை அப்படியே பாதியில் நிறுத்தி வைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கானது. பாங்கு ஒலித்ததும் எழ வேண்டிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் வேறில்லை! லாசனுக்கு உரிய பாராட்டு 2011 மார்ச் மாதத்தில்தான் கிடைத்தது. மறுமாதமே அவர் காலமானார்.

கியோட்டோவில் பிறந்த கருவி

நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது அமெரிக்கக் கருவியன்று. ஜப்பானியக் கருவியின் வழித்தோன்றல். கியோட்டோ நகரில் 1889-ல் தொடங்கப்பட்ட நின்டெண்டோ நிறுவனம், முதலில் செய்து விற்றது மலர்ப்படம் பொறித்த ஆட்டச் சீட்டுகளை. சூதாட்டத்திற்கும் அவை பயன்பட்டன. அந்நிறுவனத்தில் பணியாற்றிய மசாயுக்கி உயேமுரா, போருக்குப் பிந்திய வறுமையில் தம் விளையாட்டுப் பொருள்களைத் தாமே செய்து வளர்ந்தவர். மலிவான விலையில், கேசட் மாற்றி ஆடக்கூடிய கருவி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு 1981-ல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெயரில் 14,800 யென் விலையில் அது கடைக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் சதுர வடிவ ரப்பர்ப் பொத்தான்கள் உள்ளே சிக்கிக் கொண்டன. பிறகு வட்டப் பொத்தான்களாக மாற்றினார்கள். உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்ற அக்கருவியின் உற்பத்தி 2003-ல்தான் நிறுத்தப்பட்டது. ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய உயேமுரா 2021 டிசம்பரில் மறைந்தார்.

அதன் உட்புறத்தை அறிந்தால் வியப்பாக இருக்கும். வேலை செய்வதற்கென்று அதற்கு இருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. 1985-ல் வந்த சூப்பர் மரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கி விட்டது. அதில் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே வடிவம்தான். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்கள், ஒரே குழம்பைத் தாளித்து மறுவேளைக்கு வேறொன்றாக்கும் திறமைதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் துபை தேராவின் கடைத்தெருவிலோ ஜித்தா பலத் பகுதியிலோ நம்மவர்கள் வாங்கியவற்றுள் பெரும்பாலானவை நின்டெண்டோவின் அசல் கருவிகள் அல்ல. தைவானில் செய்யப்பட்ட நகல்கள். இதற்கு விலை மட்டுமே காரணமன்று. ஜப்பானிய அசல் கருவி அந்நாட்டு ஒளிபரப்பு முறைக்கும் 100 வோல்ட் மின்சாரத்திற்கும் ஏற்பச் செய்யப்பட்டது. பால் முறையில் இயங்கும் நம் டி.வி.யில் அதை இணைத்தால் படம் ஒழுங்காகத் தெரியாது. தைவான்காரர்கள் இக்குறையை அறிந்து, நம் போன்ற நாடுகளின் டி.வி.க்குப் பொருந்துமாறு செய்து அனுப்பினார்கள். மத்தியக் கிழக்கில் மைக்ரோ ஜீனியஸ், ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், இந்தியாவில் சாமுராய் என்று ஊருக்கொரு பெயரில் இத்தகைய கருவிகள் பரவின. இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்த வெளிநாட்டுக் கருவிகளின் விலை நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டாததாக இருந்தது. 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் விற்ற சேகா மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய்! அக்காலத்தில் பல வீடுகளில் அது பல மாதச் செலவு.

நகல் கருவியோடு வந்த கேசட்டின் மேல் '9999999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் ஐந்தாறு ஆட்டங்கள்தாம் இருக்கும். அவற்றையே இரண்டாவது கட்டத்திலிருந்து தொடங்கினால் ஓர் எண், மூன்றாவதிலிருந்து தொடங்கினால் இன்னோர் எண் என்று பட்டியலை நீட்டியிருப்பார்கள். எண்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்து ஏமாந்த பிள்ளைகளுக்கு, விளம்பரத்தை நம்பக் கூடாது என்ற பாடம் சிறுவயதிலேயே கிடைத்தது.

கேசட் வேலை செய்யாவிட்டால் அதன் அடிப்பகுதியில் வாய் வைத்து ஊதுவது உலகெங்கும் பிள்ளைகளின் வழக்கமாக இருந்தது. நம் வீடுகளில் அதற்கொரு தனி அழகு இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் பேரப்பிள்ளைக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதி உம்மம்மா ஊதுவதைப் பார்த்து வளர்ந்த சிறுவன், பிஸ்மி சொல்லியே கேசட்டை ஊதுவான். உண்மையில் ஊதுவதால் பயனில்லை. வாயின் ஈரம் பட்டுச் செம்புத் தகடுகள் நாளடைவில் அரித்துப் போகும். வெளியே எடுத்து மறுபடி செருகியதால்தான் தொடர்பு சரியாயிற்று.

கழுகைக் காத்தவர்கள்

அந்தக் கேசட்டுகளில் தவறாமல் இடம்பெற்ற ஆட்டம் ஒன்று உண்டு. நாம்கோ நிறுவனம் 1985-ல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. நம் பிள்ளைகள் அதை 'டேங்க்' என்றே அழைத்தார்கள். திரையின் அடியில் செங்கற்சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம். அதை அழிக்க மேலிருந்து வரும் 20 எதிரி வண்டிகள். அவற்றைத் தடுக்க நம் வண்டி ஒன்று, அல்லது இருவர் ஆடினால் இரண்டு. இருவர் சேர்ந்து ஆடுவதில்தான் இதன் சுவை இருக்கிறது. ஒருவருடைய குண்டு கூட்டாளியின் மேல் பட்டால் அவருடைய வண்டி சிறிது நேரம் அசைய முடியாமல் நின்று விடும். தன் குண்டே கழுகின் மேல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது.

கீழக்கரையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் நினைவுகள் இந்த ஆட்டத்தோடு பின்னிக் கிடக்கின்றன. அவருடைய தந்தை 1979-ல் துபை சென்றவர். 2005-ல் நிரந்தரமாக ஊர் திரும்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. அச்சகோதரி பிற்காலத்தில் ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தாராம்: 26 ஆண்டுகளில் 13 முறை, ஆக, தந்தையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது மொத்தம் 26 மாதங்கள். இந்தக் கணக்கு அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

1991 விடுப்பில் தந்தை அந்தக் கருவியைக் கொண்டு வந்தபோது அவருக்கு வயது பத்து. தந்தையிடம் அவருக்கு அன்பு உண்டு. ஆனால் கூச்சமும் இருந்தது. கடிதத்திலும், ஒலிப்பதிவு செய்து அனுப்பும் கேசட்டிலும் மட்டும் அறிந்த ஒருவரிடம் நேரில் என்ன பேசுவது? அந்த ஆட்டம் அவர்களுக்குப் பேசப் பொருள் கொடுத்தது. ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் முதல் விசைப் பலகையில்தான் இருக்கும்; அது மகளுக்கு. இரண்டாவது வாப்பாவுக்கு. கழுகின் அருகே நின்று காவல் காப்பது வாப்பாவின் வேலை. முன்னே சென்று எதிரியை அழிப்பது மகளின் வேலை. சாமான் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன விரல்களுக்கு அந்தச் சிறு பொத்தான்கள் எளிதில் வசப்படவில்லை. அவர் சுடும் குண்டு அடிக்கடி மகளின் வண்டியில் பட்டு அதை நிறுத்தி விடும். "வாப்பா, என்னைச் சுடாதீங்க!" என்று இவர் கத்த, அடுப்படியிலிருந்து உம்மா ஓடி வந்து பார்ப்பாராம்.

விடுப்பு முடிந்து அவர் திரும்பிய பின் வந்த கடிதங்களில், வழக்கமான ஸலாமும் நலன் விசாரிப்பும் முடிந்ததும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: "கழுகு பத்திரமா?" அந்த ஆட்டத்தில் நாமே சுவர்களை அடுக்கிப் புதுக்களம் அமைக்கும் வசதி உண்டு. ஆனால் மின்சாரம் நின்றால் அமைத்தது அழிந்து போகும், சேமிக்க வழியில்லை. மின்வெட்டு மிகுந்த அக்கோடைகளில் இவர் ஓர் உபாயம் செய்தார். கணக்கு நோட்டின் கட்டங்களில் தாம் அமைத்த களங்களை வரைந்து வைத்தார். அவற்றுள் ஒரு தாளைக் கிழித்துக் கடிதத்தோடு துபைக்கு அனுப்பினார். அடுத்த விடுப்பில் தந்தை அந்தத் தாளைப் பணப்பையிலிருந்து எடுத்து, "இதைப் போட்டுக் காட்டு, ஆடுவோம்" என்றாராம். தந்தை 2011-ல் இறையடி சேர்ந்தார். அல்லாஹ் அவருக்கு மேலான சுவர்க்கத்தை அளிப்பானாக.

இன்னொன்றையும் அச்சகோதரி சொன்னார். தம் வயதுப் பையன்கள் மாலை முழுவதும் கடற்கரையில் பந்தாடினார்கள். பன்னிரண்டு வயதானதும் தமக்கு வாசற்படி எல்லையாயிற்று. வீட்டுக்குள் இருந்தபடியே தோற்கவும் வெல்லவும் இடம் கொடுத்த விளையாட்டு அது ஒன்றுதான்; அண்டை வீட்டுப் பெண்பிள்ளைகள் நால்வரும் கொல்லைப்புற வழியாக வந்து முறை வைத்து ஆடுவார்கள். பெண்பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பேணுவதில் நாம் காட்டும் அக்கறை சரியே. அவர்கள் ஓடியாடி உடல் வலிமை பெறவும் சிரித்து மகிழவும் பாதுகாப்பான இடம் அமைத்துத் தருவதில் நம் ஊர்கள் அந்த அளவு அக்கறை காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்ததை மேடைகளில் சொல்லி மகிழ்பவர்கள் நாம்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. இது சூது என்று கண்டித்த பெரியவர்கள் இருந்தார்கள். அதை உண்டாக்கிய நிறுவனம் ஆட்டச் சீட்டு விற்றுப் பிழைத்தது என்ற செய்தி அவர்களுக்கு அன்று தெரிந்திருந்தால் இன்னும் உரக்கக் கண்டித்திருப்பார்கள்! பணயம் வைக்காத ஆட்டம் சூதாகாது என்பது தெளிவு. ஆனால் தொழுகையை மறக்கச் செய்வதும், பாடத்தைக் கெடுப்பதும், கொலையை வேடிக்கையாகக் காட்டுவதும் எந்தப் பொருளானாலும் கவலைக்குரியதே. அதன் மார்க்கச் சட்டத்தை விளக்குவது ஆலிம் பெருமக்களின் பணி. என் பார்வைக்குப் படுவது இவ்வளவே: அன்றைய கருவி கூடத்தில், வீட்டார் அனைவரின் கண்முன் இருந்தது. ஒருவர் ஆட, நால்வர் பார்த்தார்கள். மஃரிப் பாங்கு கேட்டால் பாட்டியார் வந்து டி.வி.யின் மேல் துணியைப் போர்த்தி விடுவார்; அதற்கு மேல் முறையீடு இல்லை. இன்று ஆட்டம் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும், மூடிய அறைக்குள்ளும் இருக்கிறது. அத்தோடு, பணம் கட்டித் திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன பரிசு என்று தெரியும் மாயப் பெட்டிகளைப் பிள்ளைகளிடம் விற்கிறார்கள். சூது என்ற சொல் இதற்கல்லவா நெருங்கி நிற்கிறது?

குவைத்தில் ஒரு முயற்சி

குடும்பத்தோடு வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்கு வேறொரு கருவியும் நினைவிருக்கும். அதன் பெயர் ஸக்ர். அரபியில் பாறை என்று பொருள். குவைத்தைச் சேர்ந்த முஹம்மத் அல்ஷாரிக் 1982-ல் தொடங்கிய அல்ஆலமிய்யா நிறுவனம் அதை வெளியிட்டது. ஜப்பானிலிருந்து வந்த எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொதுத்தர அமைப்பின்படி செய்யப்பட்ட வீட்டுக் கணினி அது. டி.வி.யோடு இணைத்தால் போதும். கேசட் செருகினால் ஆட்டம் ஆடலாம், விசைப் பலகையைத் தட்டினால் அரபியில் எழுதலாம்.

அரபியைக் கணினிக்குக் கற்பிப்பது எளிய வேலையன்று. ஓர் எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஒரு வடிவம், நடுவில் வந்தால் வேறு, கடைசியில் வேறு, தனித்து நின்றால் இன்னொன்று. தட்டுபவர் ஒரே விசையைத்தான் தட்டுவார். பக்கத்து எழுத்தைப் பார்த்து உரிய வடிவத்தைக் கருவியே தேர்ந்து, வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். அரபுத்தமிழில் எழுதிப் பழகிய நம் மூத்தோருக்கு இதன் நுட்பம் சட்டென விளங்கும். அல்ஷாரிக் அதோடு நிற்கவில்லை. திருக்குர்ஆனின் மூலத்தைக் கணினியில் ஏற்றினார். புகாரி, முஸ்லிம் உள்ளிட்ட ஒன்பது ஹதீஸ் தொகுப்புகளைத் தேடிப் பார்க்கத்தக்க வகையில் வெளியிட்டார். பின்னாளில் இதே நிறுவனம் சேகா மெகா டிரைவையும் அரபுக் கணினியையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி விற்றது. பிள்ளைக்கு ஆட்டமும் தந்தைக்குச் சமாதானமும் ஒரே விலையில்! 2021-ல் இஸ்லாமியப் பணிக்கான மன்னர் ஃபைசல் பரிசு அல்ஷாரிக்குக்கு வழங்கப்பட்டது. 2024 மார்ச்சில் அவர் காலமானார். பழைய அரபு இலக்கிய இதழ்களை யாவரும் இலவசமாகப் படிக்குமாறு அவர் தொகுத்த இணையக் காப்பகம் பெரும் புதையல்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக விமானமேறினார்கள். கூத்தாநல்லூரைச் சேர்ந்த ஒரு குடும்பம், ஆளுக்கொரு கைப்பையோடு அவ்வாறு வந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று உம்மா பிரித்தபோது, எட்டு வயது மகன் தன் ஸக்ர் கணினியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தானாம், திரும்பி வந்து எடுத்துக் கொள்ளலாம் என்று. அவனுடைய வாப்பா இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அந்தக் குடியிருப்பில் கதவுகூட மிஞ்சவில்லை. அவன் பாலைவனம் கடந்து ஊருக்குக் கொண்டு வந்தது ஒரே ஓர் ஆட்டக் கேசட், சட்டைப்பையில் இருந்தது. அதைச் செருகுவதற்கு ஊரில் எவரிடமும் கருவி இல்லை. அதை இன்றும் வைத்திருக்கிறார்.

பழைய கருவிகளைப் பரணிலிருந்து இறக்கிப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோருக்குச் சில செய்திகள். துப்பாக்கியால் வாத்துச் சுடும் ஆட்டம் இன்றைய தட்டை டி.வி.யில் நடக்காது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். அந்த ஒளியைத் துப்பாக்கியின் உள்ளிருக்கும் உணர்கருவி உடனே காண வேண்டும். பழைய கண்ணாடிக்குழாய் டி.வி. ஒளியைத் தாமதமின்றிக் காட்டிற்று. புதியவை சற்றுப் பிந்துகின்றன. கருவியில் பழுதில்லை. கேசட்டின் தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் செருகுங்கள். கையில் கிடைத்த அடாப்டரை மாட்டாதீர்கள். ஜப்பானிய அசல் கருவிகளின் செருகியில் நடு முனை எதிர்மின் முனை, இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் அது நேர்மின் முனை. கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் சிறு வட்டக் குறியையும் வோல்ட் அளவையும் பார்த்து, ஐயமிருந்தால் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவரிடம் காட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள்.